கல்யாணத்துக்கு முன் ஓர் ஊர்வலம்

பழைய தீயணைப்பு நிலையத்தின் சுவரில் பதித்திருந்த பித்தளைத் தகட்டை வாய்விட்டுப் படித்ததுதான் வெர்லின் ஹாகன் செய்த தப்பு. பகல் பன்னிரண்டு மணிக்கு அவருக்கு நீதிமன்றத்தில், நீதிபதி முன்னால் கல்யாணம். ஐம்பத்து மூன்று வயது மாப்பிள்ளைக்கு உதறல் அடங்க எதையாவது படிக்க வேண்டியிருந்தது.

படித்துவிட்டுத் திரும்பினால், பின்னால் மூன்று பேர் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சுற்றுலா வந்தவர்கள் என்று பட்டது வெர்லினுக்கு. இவரை வழிகாட்டி என்று நினைத்துவிட்டார்கள் போல. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எங்கள் அமெரிக்க ஊரான செயின்ட் பாலில் பிறந்தவனுக்கு அடுத்தவர் மனம் நோகப் பேச நாக்கு எழாது. வீட்டுக்கு வந்த திருடனுக்கும் காபி கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் போலீஸைக் கூப்பிடுவோம்.

"இங்க எட்டுக் குதிரைங்க இருந்துச்சு. அவ்வளவுதான்," என்று அளந்துவிட்டு முடிக்கப் பார்த்தார்.

"குதிரைங்களுக்குப் பேரு உண்டா சார்?" என்றார் பச்சைத் தொப்பி போட்ட அம்மாள்.

வெர்லின் தன் எட்டு மாமாக்களின் பெயரையும் சொன்னார். "இதுல கிளாரன்ஸ் கொஞ்சம் முன்கோபி."

கழற்றிவிடலாம் என்று வேகமாக நடந்தார். அவர்களும் நடந்தார்கள். சாராய ஆலை முதலாளியின் மாளிகை வாசலில் ஆறு பேர். தானியச் சந்தைக் கட்டடத்தில் பதினொரு பேர். களைத்துப் போய்த் திரும்பட்டும் என்று மேட்டுத்தெருப் படிகளில் ஏறினார். களைத்தது அவர்தான். ஒரு பெரியவர் கைத்தாங்கலாக மேலே கொண்டுபோய்விட்டு, "அந்தக் கோபுரத்தைப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

கைபேசி அடித்தது. மணமகள் மார்லிஸ்.

"எங்க இருக்க? உனக்காக ரெண்டு தடவை தேதி மாத்தியாச்சு. இந்த நீதிபதி ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க மாட்டாங்களாம். இன்னைக்கும் விட்டா, எனக்குக் கல்யாணமும் வேண்டாம், நீயும் வேண்டாம்."

"ஒரு கூட்டம் மாட்டிக்கிச்சு மார்லிஸ்."

"போங்கன்னு சொல்லேன்."

"அதை எப்படிச் சொல்றது?"

வேறு வழியில்லாமல், "கடைசியா நம்ம நீதிமன்றக் கட்டடம்" என்று அறிவித்துவிட்டு ஓடினார். ஊர்வலமும் ஓடியது. போய்ச் சேரும்போது பன்னிரண்டே கால்.

மார்லிஸ் பூங்கொத்தோடு பெஞ்சில் அழுதுகொண்டிருந்தாள். எல்லாம் போயிற்று என்று நினைத்து, வாசலில் நின்ற நீதிமன்ற எழுத்தரிடம் ஓடினார் வெர்லின்.

"நீதிபதி போயிட்டாங்களா?"

"இன்னும் வரவே இல்ல," என்றார் எழுத்தர், கையைப் பிசைந்தபடி. "பதினாறு வருஷத்துல இப்படி நடந்ததே கிடையாது. ஒண்ணும் புரியல."

வெர்லின் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொல்லத் துணிந்தார். "மன்னிச்சுக்கோங்க. நான் வழிகாட்டியே இல்ல. வெளியூர்க்காரங்க ஆசையா வந்து கேக்கறீங்களேன்னு பேசிட்டேன்."

பச்சைத் தொப்பி அம்மாள் மெல்ல முன்னால் வந்தார்.

"நாங்க எல்லாரும் இந்த ஊர்தாங்க. தனியா நின்னு ஆசையா பேசறீங்களே, பாவம், பாதியில எப்படி விட்டுட்டுப் போறதுன்னுதான் பின்னாலேயே வந்தோம். வாங்க, நான்தான் நீதிபதி."