கொழுக்கட்டை தின்ற பற்றை

காடு மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. ஒரு காகம்கூட இல்லை.

"மான், மயில், மரை எண்டெல்லாம் எழுதியிருந்தீர். எங்க?" என்றார் பள்ளிக்கூடப் பரிசோதகர் கனகசபை.

ஐப்பசிதோறும் மாணவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய் மிருகங்கள் காட்டுவதாகச் சாம்பல்தீவுப் பள்ளியின் பாக்கியரத்தினம் மாஸ்டர் அறிக்கையில் எழுதியிருந்தார். உண்மையில் பள்ளிக் கிணற்றடியைத் தாண்டியதில்லை. இன்று ஒரு மிருகமாவது கண்ணில் படாவிட்டால் வேலை போய்விடும்.

"ஏப்பிரலில ஜப்பான்காரன் குண்டு போட்டவன், ஐயா. மிருகமெல்லாம் ஊரை விட்டு ஓடிட்டுதுகள்."

"ஓடின சனம் திரும்பி வந்திட்டுதே."

காட்டுக்குள் நுழையும்போது வழக்கப்படி பிள்ளையாருக்கு இலைக்குழை முறித்துத் தொங்கவிட மறந்தது அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. அவசரமாக ஒரு குழையை முறித்துப் பக்கத்துப் பற்றைச் செடியில் செருகினார்.

"பிள்ளையாரே, ஒரு முயலாவது."

பற்றை பெருமூச்சு விட்டது.

காற்று இல்லை. மற்றச் செடிகள் அசையவில்லை. இது மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. உள்ளேயிருந்து ஈரமான இரண்டு கண்கள் பார்த்தன.

"மாஸ்டர், இது என்ன செடி?" என்றார் கனகசபை, மிக மெதுவாக.

"செடியில்லை ஐயா, பட்டாளத்தான். பக்கத்தில முகாம். வலையைப் போர்த்து, இலை செருகி, ஒளிச்சிருந்து பழகுறவங்கள்."

"சுடுவானோ?"

"ஓடினால் சுடுவான்."

மாஸ்டர் பணிவாக, "குட் மோர்னிங், சேர்" என்றார். பற்றை உறுமியது.

"உம்மட உச்சரிப்புப் பிழை. தள்ளும்" என்றார் கனகசபை.

தொண்டையைச் செருமி, இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தில் நீண்ட மன்னிப்பொன்று கேட்டார். பற்றை ஓரடி கிட்ட வந்தது.

வேறு வழியில்லை. பிள்ளையாருக்கென்று கொண்டுவந்த கொழுக்கட்டைப் பொட்டலத்தை மாஸ்டர் நீட்டினார். வலைக்குள்ளிருந்து ரோமம் அடர்ந்த ஒரு கை வந்து, வாழையிலையோடு பறித்துக்கொண்டது.

"இந்த வெக்கையிலயும் கம்பளிக் கையுறை. அதுதான் ஒழுங்கு" என்று முணுமுணுத்தார் கனகசபை. இருவரும் சலாம் போட்டபடியே தெருவரை பின்பக்கமாக நடந்தார்கள்.

ஜமால்தீனின் தேத்தண்ணிக் கடையில் கனகசபை பேனையைத் திறந்தார். 'மிருகம் எதுவும் காணப்படவில்லை. ஆசிரியர் பொருத்தமற்றவர்.' கையெழுத்திட்டு மையை ஊதினார்.

"வேற வழியில்லை, மாஸ்டர். கண்டதைத்தான் எழுத ஏலும்."

மாஸ்டர் முகாமுக்குப் பாண் சுட்டுக் கொடுத்துவந்த ஜமால்தீனிடம் ஆற்றாமையோடு சொன்னார்: "உம்மட பட்டாளத்தான் ஒருத்தன் என்ர கொழுக்கட்டையை இலையோட விழுங்கிட்டான், ஜமால்தீன் காக்கா."

ஜமால்தீன் தேநீரை ஆற்றிக்கொண்டே நிமிர்ந்தார்.

"பட்டாளம் போன வெள்ளிக்கிழமையே கப்பலேறிட்டுது மாஸ்டர், அவங்க விட்டிட்டுப் போன வலையில ஒரு கரடி மாட்டி, அதோடதான் திரியுது."