கிருமி டாக்டர் போட்ட பூட்டு

"இந்தக் கையெழுத்து செல்லாது சார்" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார் ஃபார்மஸிக்காரர்.

ஆஸ்பத்திரியே 'கிருமி டாக்டர்' என்று கூப்பிடும் தொற்றுநோய் நிபுணருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மேலே ஐ.சி.யூ.வில் ஒரு தையல்காரர் கிடக்கிறார். கால் புண்ணில் புகுந்த கிருமி ரத்தம் முழுக்கப் பரவி, பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது. எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. மிச்சம் ஒரே ஒரு ஊசிதான். அதுவும் இதோ, கண்ணெதிரே, பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது.

"யோவ், என் கையெழுத்தா செல்லாது? அந்தப் பூட்டே நான் போட்டதுய்யா!"

"அதான் சார். மருந்து கேக்கறவரே அனுமதியும் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே விதி எழுதினீங்க. லேமினேட் பண்ணி ஒட்டச் சொன்னதும் நீங்கதான்."

ஒட்டித்தான் இருந்தது. கண்ட காய்ச்சலுக்கெல்லாம் கடைசி மருந்தை அள்ளி விடுகிறார்களே, நாளைக்கு எதுவுமே வேலை செய்யாதே என்று வயிறெரிந்து எழுதியது. எவனும் மதிக்க மாட்டேன் என்கிறான் என்று ஆறு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தார். இன்றைக்கென்று பார்த்து ஒருத்தன் மதித்துத் தொலைக்கிறான்!

வேறு டாக்டர் கேட்டால் இவர் அனுமதிக்கலாம். கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவர் சர்ஜன் மட்டும்தான். அவர் இதே மருந்தைக் கேட்டு எழுதிய சீட்டைக் காலையில்தான் நாலு பேர் முன்னால் இவர் கிழித்துப் போட்டிருந்தார். வேறு வழியில்லாமல் ஓடினார்.

"எந்தக் கிருமின்னு கல்ச்சர் ரிப்போர்ட் இருக்கா?" என்றார் சர்ஜன், காபியை ஆற்றியபடி.

"மனுஷன் செத்துட்டிருக்கான்யா!"

"என் பேஷண்ட்டுக்குக் கேட்டப்போ காரணம் எழுதிக் குடுன்னீங்க."

"உங்க பேஷண்ட்டுக்கு இருந்தது சளி!"

"எழுதிக் குடுங்க."

எழுதினார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியதில் பேனா தாளைக் கிழித்தது. மறுபடி எழுதினார். 'தயவுசெய்து' என்று ஒரு வார்த்தையையும் சேர்க்க வைத்த பிறகுதான் அந்த மகாபாவி கையெழுத்துப் போட்டார்.

திரும்பி ஓடிவந்து படிவத்தை நீட்டினார். "எடுய்யா!"

"சாவி குடுங்க சார்."

"என்கிட்ட ஏதுய்யா சாவி?"

"எவனையும் நம்ப முடியாதுன்னு நீங்கதானே எடுத்துட்டுப் போனீங்க?"

சாவி வீட்டில், நேற்றைய சட்டைப் பையில் இருந்தது. வந்த ஆத்திரத்தில் அங்கிருந்த ஸ்டூலைத் தூக்கிக் கண்ணாடியில் ஒரே போடு போட்டார். செக்யூரிட்டி விசிலடித்துக்கொண்டு துரத்த, மருந்தை மார்போடு அணைத்தபடி மூன்று மாடியும் ஏறினார்.

முக்கால் மணி நேரம் போய்விட்டது. ஒரு ஆளைக் கொல்ல அந்தக் கிருமிக்கு அது தாராளம். தன் கையாலேயே ஒரு உயிரைப் பூட்டி வைத்துவிட்டோமே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது. மருந்தைக் கலந்து டிரிப்ஸில் ஏற்றப் போனார்.

வார்டு நர்ஸ் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போட்டுடாதீங்க சார், டபுள் டோஸ் ஆயிடும்! நீங்க கேஸ் ஷீட்ல எழுதின கையோட நான் போட்டுட்டேன். அலமாரிய நீங்க பூட்டின அன்னிக்கே எல்லா வார்டுலயும் ஆளுக்கொரு டப்பா ஒளிச்சு வெச்சாச்சே!"