கூழும் குடிக்கிற சாமான்தானே

ஒருவனுடைய இரைப்பையை வெட்டி வாழைப்பழ அளவுக்குச் சுருக்கிவிடலாம். பொறாமையைச் சுருக்குகிற வைத்தியர் மட்டும் பாரிஸில் இன்னும் கடை திறக்கவில்லை. இதை நான் சொந்த உடம்பைக் கொடுத்து அறிந்துகொண்டேன்.

உடம்பு என்றால் சாதாரண உடம்பு அல்ல. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் எதிரே வந்தால் நடைபாதையில் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள் (மரியாதை என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன்). சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, முழங்கால் நோ, நித்திரையில் மூச்சடைப்பு எல்லாம் வரிசைகட்டி வந்த பிறகு, வைத்தியர் என் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது உணவு ஆலோசகப் பெண் விரலை ஆட்டிச் சொன்னார்: "லிகிட், மிஸ்யே. லிகிட் மட்டும்." நீராகாரம் மட்டும் என்று அர்த்தம்: தண்ணீர், வடித்த சூப், அதுவும் சின்னச் சின்ன மிடறாக.

எங்கள் வீடு ரூ பிலிப்-து-ஜிராரில், ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு நேர் மேலே. (கடவுளுக்கும் பகிடி பிடிக்கும்.) அந்தத் தட்டுகிற சத்தமும் வாசமும் ஜன்னலால் ஏறி வந்து என் கட்டிலில் உட்கார்ந்துகொள்ளும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது என் சகலனைத்தான்.

நந்தன், என் மனைவி வசந்தியின் தங்கையைக் கட்டியவன். வேலிக்கம்பு மாதிரி உடம்பு. நான் ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து, "வருத்தம் பார்க்க" என்று தினமும் வேலை முடிந்து வந்தான். வருத்தக்காரனைப் பார்க்க வெறுங்கையோடு வருவது எங்கள் ஆட்களின் வழக்கம் இல்லை. மீன், நண்டு, கணவாய் என்று தூக்கி வந்தான். நான் சாப்பிட முடியாது. வசந்தியால் சமைக்காமல் இருக்க முடியாது. வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்பவும் முடியாது. ஆக, வருத்தம் எனக்கு, விருந்து அவனுக்கு.

அதுவும் எங்கே உட்கார்ந்து? சாப்பாட்டு மேசையில் என் கதிரையில்! வசந்தி அகப்பையோடு பக்கத்தில் நின்று கேட்பாள்:

"இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தக் கேள்வி என்னுடையது. அன்பு, பாசம் என்று வாயால் சொல்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. அவள் அதைக் கேட்பாள், நான் "ஓம்" என்பேன். எங்கள் காதல் அவ்வளவுதான். அதை இன்னொருவன் வாய் நிறையச் சோற்றோடு "ஓம் அக்கா" என்று வாங்கிக்கொண்டிருந்தான். எனக்கு அடிவயிறு எரிந்தது (மேல்வயிறு கைவசம் இல்லை).

ஒரு ஞாயிற்றுக்கிழமை வசந்தி ஒடியல் கூழ் காய்ச்சினாள். காய்ந்த பனங்கிழங்கு மாவில் நண்டு, இறால், மீன்தலை, பயிற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, புளியும் செத்தல் மிளகாயும் கரைத்துக் கொதிக்கவைப்பது. யாழ்ப்பாணத்தானைக் கட்டிலிலிருந்து எழுப்ப அந்த வாசம் போதும்.

யோசித்தேன். ஊற்றினால் வழிகிறது. வாயில் வைத்தால் குடிக்க முடிகிறது. லிகிட் இல்லாமல் வேறென்ன? அந்தப் பிரெஞ்சுப் பெண் கூழைக் கண்டிருந்தால் தானே சிபாரிசு செய்திருப்பார் என்று நானே வழக்காடி, நானே தீர்ப்பும் சொன்னேன். எல்லோரும் முன்னறையில் இருந்த நேரம், பெரிய டம்ளர் நிறைய அள்ளிக்கொண்டு கழிவறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன்.

முதல் மிடறு சொர்க்கம். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்போது முன்னறையிலிருந்து கேட்டது: "நந்தன், இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

வந்த ஆத்திரத்தில் டம்ளரை ஒரே மூச்சில் கவிழ்த்தேன்.

நெஞ்சுக்கு நடுவே எல்லாம் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வாயில் நுரை தள்ளியது. நந்தன் வந்து கதவைத் தட்டினான்.

"அண்ணை, உள்ளுக்கை நிக்கிறியளோ? கொஞ்சம் அவசரம்."

என்னால் முனகத்தான் முடிந்தது. கையிலிருந்த டம்ளர் விழுந்து உருண்டது. அந்த வேலிக்கம்பு தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் கழன்று வந்தது. நான் நுரையோடு இருந்தேன். என் மடியில் ஒரு இறால் இருந்தது.

"அக்கா! ஓடி வாங்கோ! அண்ணை கூழ் குடிச்சிட்டார்!"

நஞ்சு குடித்தவனுக்குக் கத்துகிற குரல்.

மகள் துளசி அவசர இலக்கத்துக்கு எடுத்து, "சூப்" என்றாள். என்ன சூப் என்று கேட்டிருக்கிறார்கள். அவள் நண்டில் தொடங்கிப் பலாக்கொட்டைக்கு வருவதற்குள் மறுமுனையில் வண்டியை அனுப்பிவிட்டார்கள். பொம்பியே, அதுதான் தீயணைப்புக்காரர், வந்து என்னை நாற்காலியில் கட்டிப் படிக்கட்டால் இறக்கினார்கள். தெருவே கூடி நின்றது. கொத்துரொட்டிக்காரர்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அம்புலன்சில் நந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் விரல்களில் நண்டு மணந்தது. அந்த நிலையிலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"உனக்கென்ன, நீ ஒவ்வொரு நாளும் வந்து நண்டும் மீனுமா வெட்டுறாய்" என்றேன், மூச்சு வந்ததும்.

"ஐயோ அண்ணை! நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன நாள் தொட்டு அக்கா ஒழுங்காச் சாப்பிடேல்லை. 'அவர் பட்டினி கிடக்கேக்கை எனக்கு எப்பிடி இறங்கும்' எண்டு கேக்கிறா. நான் வந்திருந்து சாப்பிட்டாத்தான், துணைக்கெண்டு தானும் ரெண்டு வாய் வைப்பா. அவவுக்குப் பிடிக்குமெண்டுதான் நண்டு வாங்கினனான். எனக்கு நண்டு துண்டற ஒத்துக்கொள்ளாது, வயித்தாலை போகும். இண்டைக்கும் அதுதான் கதவைத் தட்டினனான்."

வசந்தி மெலிந்திருந்ததை நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் அகப்பையைத்தான்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வெளியே வந்தது. நல்ல காலம், தையல் ஒன்றும் விடவில்லை. வெளியே வந்ததைப் பார்த்த வைத்தியர், "இது சூப் இல்லை, மிஸ்யே. இது துறைமுகம்" என்றார்.

இப்போது என் பழைய உடுப்புக்குள் இரண்டு நந்தன் போகலாம். ஆனால் நான் கழிவறைப் பக்கம் திரும்பினால் போதும், துளசி போனிலிருந்து தலை தூக்காமலே "பப்பா, லே மேன்!" என்பாள். கையைக் காட்டு என்று அர்த்தம். இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். பாரிஸ் புறநகரான ஸ்தேனில் ஒரு கலியாணத்தில் நந்தன் மண்டபத்தின் மறுகோடியிலிருந்து, "அண்ணை, கையைக் காட்டுங்கோ!" என்று கத்த, மாப்பிள்ளை வீட்டார் நான் எதையோ களவெடுத்துவிட்டேன் என்று பார்த்தார்கள்.

நந்தன் ஞாயிறுகளில் இன்னும் வருகிறான். என் கதிரையைத் தொடுவதில்லை. வசந்தி தேக்கரண்டியால் என் சின்னத் தட்டில் வைத்துவிட்டு, முதலில் என்னைப் பார்த்துக் கேட்பாள்: "இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

வயிற்றில் இடமே இருக்காது. "ஓம்" என்பேன். அவள் போடமாட்டாள், சிரித்துக்கொண்டு உட்கார்ந்து தான் சாப்பிடத் தொடங்குவாள். அந்த நேரம் பார்த்து நந்தன் பக்கம் திரும்புவேன். அவனுக்குக் கொஞ்சமாவது பொறாமை வரவேண்டும்.