வல்லக்குளம் ஜமீன்தாரின் கார்

"எழுபத்தொண்ணுலேர்ந்து எண்பத்து மூணு வரைக்கும் இந்த வண்டி யார்கிட்ட இருந்தது?"

அடையாறு பங்களாவின் போர்ட்டிகோவில், சிவப்பு இத்தாலிய காரைச் சுற்றி வந்துகொண்டிருந்த விஜயராகவன் சட்டென்று நின்று கேட்டார். வண்டியைக் காட்டிக்கொண்டிருந்த வெங்கடேஷ் துடைக்கிற துணியைக் கீழே வைத்தார். வாங்க வந்த ஒவ்வொருவரும் இதே இடத்தில்தான் நின்றார்கள். இதே கேள்வியைக் கேட்டார்கள். பதில் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள்.

முன்கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே ஏதோ தொழிற்சாலை கட்ட வந்த இத்தாலி இன்ஜினியர் ஒருவர் அதைக் கப்பலில் கொண்டுவந்து, எழுபத்தொண்ணு வரை ஓட்டினார். பின்கதையும் தெரியும். எண்பத்து மூணில் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தி.நகர் ஜவுளிக்கடை கருணாகரன் அண்ணாச்சியின் அப்பா அதை வாங்கி, பொன்போல வைத்திருந்தார்; இப்போது அண்ணாச்சி அதை விற்கப் பார்க்கிறார். நடுவில் பன்னிரண்டு வருஷம் மட்டும் யாருக்கும் தெரியாது. இந்த மாதிரி வண்டிக்குச் சரித்திரம்தான் விலை என்பதால், அந்தப் பன்னிரண்டு வருஷம் அண்ணாச்சியின் உயிரை வாங்கியது.

அன்று காலையில்தான் அவர் கடை மேனேஜரான வெங்கடேஷைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "வண்டி என்ன, பன்னெண்டு வருசம் ஆகாசத்துலயா நின்னுச்சு? எதையாவது சொல்லும் வே. இந்தப் பார்ட்டியும் போச்சுன்னா நீரும் அப்படியே போயிரும்."

அதனால் வெங்கடேஷ் எதையாவது சொன்னார்.

"வல்லக்குளம் ஜமீன்தார்கிட்ட இருந்தது சார்."

அப்படி ஒரு ஜமீன் உண்டா என்று அவருக்கே தெரியாது. விஜயராகவனின் முகம் வெளிறியது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நிச்சயமாகத் தெரியுமா, யார் சொன்னது என்று மாற்றி மாற்றிக் கேட்டார். நம்பவில்லை என்று புரிந்துகொண்ட வெங்கடேஷ் கதைக்குக் கொஞ்சம் முட்டுக் கொடுத்தார். ஜமீன்தாருடைய பேரனே சென்னையில்தான் இருக்கிறார், நன்றாகப் பழக்கம் என்றார்.

"அப்ப அவரைப் பாக்கணுமே" என்றார் விஜயராகவன்.

சாயங்காலம் அண்ணாச்சி போனில் வந்தார். குரலில் ஒரே பெருமை. பார்ட்டி சாதாரண ஆள் இல்லையாம். மயிலாப்பூரில் பரம்பரை வக்கீல் குடும்பம். இவர் ஜட்ஜாக இருந்து ரிட்டயர் ஆனவர். மோசடி வழக்கு என்றால் ஒருத்தரையும் விட்டதில்லையாம்.

வெங்கடேஷுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மனைவி ஜெயஸ்ரீயிடம் விஷயத்தைச் சொன்னார். உண்மையை ஒப்புக்கொண்டு விடலாம் என்றாள் அவள். ஒப்புக்கொண்டால் வேலை போகும், ஒப்புக்கொள்ளாவிட்டால் ஜெயில். யோசித்துப் பார்த்ததில் ஜெயில் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது, வேலை நாளைக்கே போய்விடும். ஆகவே பேரனைத் தேடிப் புறப்பட்டார்.

சைதாப்பேட்டையில் அவர்கள் தெருவிலேயே இருந்த கபாலி, ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். நல்ல உயரம், முறுக்கு மீசை. பார்வைக்கு ஒரு ஜமீனை நம்பி ஒப்படைக்கலாம். வாயைத் திறந்தால்தான் சிக்கல். தொண்டையில் ஆபரேஷன் என்று சொல்லிவிடுவதாகவும், என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டவேண்டும் என்றும் வெங்கடேஷ் சொல்லிவைத்தார். தன் கல்யாணப் பட்டு ஜிப்பாவையும் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விஜயராகவன் தன் அக்கா சீதாவையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மாள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, காரையே பார்த்துக்கொண்டிருந்தார். கபாலி ஜிப்பா விம்ம நின்றார். அண்ணாச்சி வண்டிக்குப் பக்கத்திலும், வெங்கடேஷ் தூண் ஓரமாகவும் நின்றார்கள்.

விஜயராகவன் கபாலியின் அருகில் வந்து, தணிந்த குரலில் கேட்டார். "உங்க தாத்தா காலத்துல வண்டி உங்க வீட்லதான் இருந்தது, உங்களுக்கு நன்னாத் தெரியுமோ?"

கபாலி தலையை ஆட்டியிருக்கலாம். ஆனால் தாத்தாவைச் சந்தேகப்பட்டது அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? எங்க தாத்தா டெய்லி எங்கள பீச்சாண்ட இட்டுக்கினு போவாரு. பின்னாடி சீட்டுல பத்து பசங்க குந்திக்கினு போவோம் சார்."

எல்லோரும் காரைத் திரும்பிப் பார்த்தார்கள். அது இரண்டே பேர் உட்காரக்கூடிய கார். பின் சீட்டே கிடையாது. அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். வெங்கடேஷுக்குக் கண் இருட்டியது. அந்த இருட்டில் ஜெயஸ்ரீ கம்பிக்கு வெளியே டிபன் கேரியருடன் நிற்பது தெரிந்தது.

விஜயராகவன் பின் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உதடு துடிக்க இன்னொரு கேள்வி கேட்டார். "வேற யார்கிட்டயாவது வண்டி இருந்ததா உங்க தாத்தா சொல்லியிருக்காரோ?"

"ஒருத்தன்கிட்டயும் இல்ல சார். எவனாச்சும் சொன்னா இட்டாந்து வுடுங்க, நான் பேசிக்கிறேன்."

விஜயராகவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கி முழு டம்ளரையும் குடித்தார். பிறகு, தனக்குத் திருப்தி என்றும், வண்டியை எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். கூடவே, பேரன் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதி, கீழே கையெழுத்தும் வாங்கித் தரவேண்டும் என்றார்.

வெங்கடேஷுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. ஜட்ஜு ஆயிற்றே, வலையை முழுசாக விரித்துவிட்டுத்தான் இழுப்பார். பொய்யை எழுத்தில் வாங்கிக்கொண்டு நேரே போலீசுக்குப் போகப் போகிறார். அண்ணாச்சி கபாலியின் தோளில் கைபோட்டு, விஜயராகவனுடன் சிரித்தபடி உள்ளே போனார். உள்ளேயிருந்து கபாலியின் குரல் கேட்டது. தாத்தாவுக்கு இப்போது யானையும் வந்து சேர்ந்திருந்தது.

வெங்கடேஷின் முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஓடிவிடலாமா என்று கேட்டைப் பார்த்தார்.

சீதா எழுந்து அவரிடம் வந்தார். அவ்வளவு நேரத்தில் அந்த அம்மாள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"நீங்க ஏன் இப்படி நடுங்கறேள்? வண்டி விலைக்கு வந்திருக்குன்னு கேட்டதுலேர்ந்து, யாராவது கண்டுபிடிச்சுடுவாளோன்னு ஒரு மாசமாத் தூங்காம நடுங்கிண்டிருந்தது என் தம்பின்னா. அந்தப் பன்னண்டு வருஷமும் வண்டி எங்காத்துக் கொல்லைலதான் நின்னுது. எங்கப்பா திருடிண்டு வந்தது."