ஆட்டுத்தோல் குமிழோனின் இரண்டாம் பாதி

வாழி நவநீதன். திங்கள் முதல் சனி வரை, கடல் கடந்த நாடுகளின் சீமாட்டிகள் மண்ணில் பாதம் படாமல் நடக்கும் பொருட்டு, ஷூவுக்கு அடி ஒட்டும் வரிசையின் மேற்பார்வை வேந்தனாக வீற்றிருப்போன். பசைப்புகை நுகர்ந்தும் பதறாத நாசியன். “காயட்டும், காயட்டும்” என்னும் ஒற்றைச்சொல் மந்திரத்தால் ஒரு கூடம் நிறைந்த தொழிலாளரைக் கட்டி ஆள்வோன். ஞாயிறு பிறந்ததும் அரைக்கால் சட்டையே கவசமாக, பிளாஸ்டிக் நாற்காலியே தேர்த்தட்டாக, தொலைக்காட்சித் திரையில் பதினோரு வீரரை ஒரு கட்டைவிரலால் ஏவும் கால்பந்துக் காவலன், அவன் வாழி, அவன் கட்டைவிரலும் வாழி.

இவன் புகழைப் பாடப் புகுந்த நமக்குப் புலமை கம்மி. ஆனாலும் இவனே தன் புகழை வாரத்தில் ஆறு நாளும் டீ இடைவேளையில் பாடிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு நமக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. குற்றம் இருந்தால் அதில் பாதி அவனைச் சேரும்.

பாலாறு என்று பெயர் சூடிய பெருமணற்பரப்பு ஒருபுறம் படுத்துக் கிடக்க, லாரிகள் ஓயாது முழங்கும் நெடுஞ்சாலை மறுபுறம் ஓட, நடுவே தோல் மணமும் பிரியாணி மணமும் யார் பெரியவர் என்று நாள்தோறும் காற்றில் மல்லுக்கு நின்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரியாணி வெல்லும் ஆம்பூர் மாநகரில், மாடி வீடொன்றின் கூடமே இப்பெரும்போரின் களம். அக்கூடத்தில் சுவரை அலங்கரித்து நின்றது ஒரே ஒரு டிவி. அந்த ஒன்றை ஆள விரும்பியோர் இருவர். போர் மூள இதற்கு மேல் என்ன வேண்டும்?

எதிர்த்து நின்றவள் மோகனா. நவநீதனின் மனைவி. அதே தொழிற்சாலையின் கடைக்கோடியில், ஒளிவெள்ளம் பாயும் மேசைக்குப் பின்னால், ஷூக்களை இறுதியாகச் சோதிக்கும் பதவி வகிப்பவள். கப்பலேறப் புறப்பட்ட ஷூவைக் கையில் எடுத்து, திருப்பி, அதன் மேல் பசை இம்மியளவு வழிந்திருந்தாலும் போதும், முன்கையில் வரிசையாக ஒட்டிவைத்திருக்கும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்களில் ஒன்றை உரித்து, குற்றம் இருக்கும் இடத்தைச் சுட்டும்படி ஒட்டி, வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவாள். அப்படித் திரும்பிய ஷூக்களில் நவநீதனின் வரிசையிலிருந்து போனவையே ஜாஸ்தி. கணவன் என்று பாராத நடுநிலை அது. ஆறு நாளும் அம்புபட்ட மார்போடு வீடு திரும்பும் வீரன், ஏழாம் நாள் திரையில் யாரையாவது பன்னிரண்டு கோல் போட்டுப் புடைத்தால்தான் திங்கட்கிழமையைப் பார்க்கும் தெம்பு பெற்றான் என்பதை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மோகனாவுக்கும் ஓர் ஆசை இருந்தது. பாடுவது. போனில் கரோக்கே செயலியைத் திறந்தால் இசை வரும், வரிகள் ஓடும், உடன் பாடினால் மதிப்பெண் விழும். ஆனால் கையகலப் போனில் எறும்பு போல் ஊரும் எழுத்துகளைப் பின்தொடர, ஷூவிலேயே ஆறு நாள் கண்ணை நட்டவளுக்கு இயலவில்லை. டிவியில் இணைத்தால் எழுத்து ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு வரும். டிவியோ ஞாயிறு முழுவதும் கால்பந்துக் களமாகக் கிடந்தது. ஆகவே அவள் அடுப்படியில், மிக்சி ஓடும்போது மட்டும் பாடினாள். மிக்சி நின்றால் பாட்டும் நிற்கும். அவளுக்குக் குரல் நன்றாகவே இருந்தது என்பதும், அது அவள் கணவனுக்குத் தெரியாது என்பதும் இரண்டுமே உண்மை. பின்னது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த ஞாயிறு, கீழ் வீட்டு நவீத் வந்திருந்தான். நவநீதனுக்கு அந்த வீடியோ கேம் பெட்டியைப் பழைய விலைக்கு விற்றவன், அதை விற்ற பாவத்துக்கு வாரந்தோறும் வந்து தோற்றுக்கொடுப்பவன். அவன் முன்னிலையில்தான் மோகனா கேட்டாள்.

“இன்னிக்கி ஒரு மணி நேரம் டிவிய எனக்குக் குடுங்க.”

அரசுரிமை கேட்கப்பட்டதும் அரியணை அதிர்ந்தது. பிளாஸ்டிக் ஆதலால் கிறீச்சிட்டது. நவநீதன் நகைத்தான். நகைத்து, நண்பன் பார்க்கிறான் என்ற மிதப்பில், பிற்பாடு தன் நெற்றியில் தன்னையே அடித்துக்கொள்ள வைக்கப் போகும் அந்தப் பிரகடனத்தைத் திருவாய் மலர்ந்தான்.

“என்கூட ஒரு மேட்ச் ஆடு. நான் எத்தினி போட்டாலும் பரவால்ல. நீ ஜெயிக்கவே வேணாம். என் கோல்ல ஒரே ஒரு பந்து விழுந்துச்சின்னா போதும், ஞாயித்துக்கெழம டிவி உன்னுது. ஆயுசுக்கும். விழலன்னா, இனிமே கேக்கக் கூடாது.”

“ஆயுசுக்குமா?” என்றாள் மோகனா.

“நவீத் சாட்சி.”

“அண்ணி, வேணாம் அண்ணி, பேஜார்,” என்றான் நவீத், பிஸ்கட்டைக் கடித்தபடி.

மோகனா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதோடு விட்டிருந்தால் காவியம் இல்லை. வெல்வது உறுதி என்றிருந்தவன் மேலும் வெல்ல விரும்பினான். அடுப்பைப் பார்க்கிறேன், பாலைப் பார்க்கிறேன் என்று அவள் நடுவில் ஆட்டத்தை நிறுத்தி இளைப்பாறுவாள் என்று கணித்து, இன்னொரு விதியும் இயற்றினான்: இடையில் யார் நிறுத்தும் பட்டனைத் தொட்டாலும் அவர் தோற்றவர். அடுப்பு எரிந்தாலும் சரி, வீடு எரிந்தாலும் சரி.

இப்போது படைக்கலச் சிறப்பு. நவநீதனின் கண்ட்ரோலரில் கட்டைவிரல் வைத்துத் திசை காட்டும் குமிழின் ரப்பர், பல ஞாயிறுகளின் ஆவேசத்தால் தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் புது ரப்பர் வாங்கியிருப்பான். இவன் ஆம்பூரான். தோல் மிச்சம் விற்கும் கட்பீஸ் கடையில் மென்மையான ஆட்டுத்தோல் துண்டு பொறுக்கி, வட்டமாய் வெட்டி, ஓரம் சீவி, ஷூ ஒட்டும் சொல்யூஷன் தடவி, குமிழுக்குக் குல்லா போலச் சார்த்தியிருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இருபுறமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காய விட்டு, அதன் பிறகே சேர்க்க வேண்டும் என்று பிறரை ஆறு நாளும் வாட்டி எடுப்பவன், தன் வீட்டு வேலையில் காய விடவில்லை. அவசரம். ஈரத்தோடு ஒட்டி, போருக்கும் புறப்பட்டுவிட்டான்.

முதல் பாதி. அதை விரித்துரைத்தால் மோகனாவின் மீது இரக்கம் கொண்டோர் மனம் வருந்தும். இடமிருந்து வலமாகப் பாய்ந்தது நவநீதனின் நீலப்படை. கட்டைவிரல் வலப்பக்கமே சாய்ந்து சாய்ந்து ஏவ, நீலச்சட்டை வீரர் வயலில் புகுந்த மாடுகளாய் எதிர்ப்பட்டதையெல்லாம் மிதித்துச் சென்று, மோகனாவின் வலைக்குள் பந்தைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அவளோ எந்தப் பட்டன் எதற்கு என்று அறியாமல் எல்லாவற்றையும் அழுத்தினாள். அவளுடைய சிவப்புச்சட்டை வீரன் ஒருவன் பந்தில்லாத மூலையில் தனியாகத் தாவிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு கோலுக்கும் நவநீதன் நாற்காலியை விட்டு எழுந்து, கைகளை விரித்து, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். எட்டாவது கோலுக்குப் பிறகு மோகனாவின் முகம் சிவந்துவிட்டது. விளையாட்டுக்குத்தானே என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அவளுக்கு அழுகைதான் வந்தது. வெற்றி வலம் வந்தவன் அதைக் கவனிக்கவில்லை.

பாதி முடிந்தது. இருவரும் பட்டனைத் தொட்டால்தான் மறுபாதி தொடங்கும் என்று திரை காத்திருந்தது. மோகனா எழுந்து போய்ப் பருப்பைக் குக்கரில் ஏற்றினாள். அந்நேரம் நவநீதன் தன் குமிழை நோக்கினான். ஈரப்பசையில் மிதந்த ஆட்டுத்தோல், வலப்பக்கமாக நழுவித் தொங்கியது.

எட்டு கோல் முன்னணியில் இருப்பவன் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு வெறும் விரலால் ஆடியிருக்கலாம். ஆனால் தொழில் என்பது ரத்தத்தில் ஊறிவிட்டால் சும்மா விடுமா? மேலும் கொஞ்சம் சொல்யூஷன் ஊற்றினான். குமிழைத் தோல் நழுவிய பக்கத்துக்கே சாய்த்துப் பிடித்தான். அடுப்படிக்குள் சென்று, தோசைத் திருப்பியை எடுத்து நெருப்பில் காட்டினான்.

“இன்னா பண்றீங்க? அது தோசத் திருப்பி.”

“ஹீட் ஆக்டிவேஷன். சூடு காட்டுனாதான் சொல்யூஷன் புடிக்கும்.”

மோகனா கண்ட்ரோலரை எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் தொழில் ரத்தத்தில் ஊறியிருந்தது. “சொல்யூஷன் கீழ வழியுது பாருங்க. தண்டு வரைக்கும் போயிருக்கு.”

“ஆறு நாளு சொல்ற இல்ல? இது ஃபேக்டரி கெடையாது. இங்க நீ செக்கிங் இல்ல.”

அவள் குக்கர் பக்கம் திரும்பிக்கொண்டாள். நவநீதன் கூடத்துக்கு வந்து, கண்ட்ரோலரைத் தரையில் கிடத்தி, சூடேறிய திருப்பியைத் தோலின் மேல் வைத்து, அதன் மேல் மண்டியிட்டு, தன் உடல் எடை அனைத்தையும் முழங்காலில் இறக்கி, தொழிற்சாலையின் அழுத்தும் இயந்திரம் எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் அசையாமல் இருந்தான். கருகிய வாடை எழுந்தது. நவீத் மூக்கைப் பொத்திக்கொண்டு, “தோஸ்த், நல்லா புடிச்சிக்கிச்சா?” என்றான். நவநீதன் தோலை நகத்தால் நெம்பிப் பார்த்தான். அசையவில்லை. மகிழ்ந்தான்.

நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்தது. தோல் குமிழோடும், குமிழ் தண்டோடும், தண்டு கண்ட்ரோலரின் உடலோடும், இனி பிரிவில்லை என்ற உறவில் ஒன்றாகிவிட்டிருந்தன. அவன் வாழ்நாளில் ஒட்டிய ஒட்டுகளிலேயே உறுதியான ஒட்டு அது. வலப்பக்கம் சாய்ந்த நிலையிலே அது இறுகியிருந்தது என்பதை அவன் இரண்டாம் பாதி தொடங்கிய பிறகே அறிந்தான். இரண்டாம் பாதியில் இரு படைகளும் பக்கம் மாறும். அவன் கோட்டை இப்போது வலப்பக்கம்.

மோகனாவின் வீரன் பந்தை நகர்த்தினான். அவள் வழக்கம்போல் ஏதோ ஒரு பட்டனை அழுத்த, பந்து நேரே நீலச்சட்டைத் தலைவனின் காலில் வந்து விழுந்தது. அவன் பந்தோடு திரும்பினான். திரும்பி, பகைவரின் வலைக்கு முதுகைக் காட்டி, தன் கோட்டையை நோக்கி ஓடத் தொடங்கினான்.

நவநீதன் குமிழை இடப்பக்கம் தள்ளினான். நகரவில்லை. இரு கட்டைவிரல்களாலும் தள்ளினான். நகரவில்லை. வேறொருவனுக்குப் பந்தைத் தட்டிவிட்டான். வாங்கியவனும் அதே திசையில், அதே விசுவாசத்தோடு ஓடினான். தன் படை முழுவதும் தன் ஆணைப்படியே தன் மேல் படையெடுத்து வரும் காட்சியைக் கண்ட மன்னன் இவனைத் தவிர வேறொருவன் உண்டா என்று நாம் விசாரித்தோம்; இல்லை என்றார்கள். குமிழைப் பல்லால் கடித்து இழுத்தான். ஆட்டுத்தோலின் கருகிய சுவைதான் கிடைத்தது.

“நிறுத்திட்டு வேற கண்ட்ரோலர் போடு தோஸ்த்,” என்றான் நவீத்.

நிறுத்தும் பட்டன் விரலுக்கு அருகிலேயே இருந்தது. தொட்டால் தோல்வி. விதியை இயற்றியவன் அவன், சாட்சியை நிறுத்தியவனும் அவன்.

அடுப்படியில் குக்கர் கூவியது. மோகனா எழப் போனாள். விதி நினைவுக்கு வர, அவளுக்கு எரிச்சல் வந்தது. பருப்பு குழைந்தால் குழையட்டும் என்று கண்ட்ரோலரை மடியில் போட்டுக் கைகட்டிக்கொண்டாள். அவளுடைய சிவப்புச்சட்டைகள் நின்ற இடத்தில் நின்று வேடிக்கை பார்த்தன. அவற்றின் நடுவே நீலச்சட்டைக் காவலாளன் ஒருவன், தடுப்பார் யாருமின்றி, தன் கோல் கீப்பர் இரு கைகளையும் நீட்டிப் பாய்ந்தும் அகப்படாமல், பந்தோடு தன் வலைக்குள்ளேயே போய் நின்றான்.

திரையில் ஆயிரக்கணக்கானோர் ஆர்ப்பரித்தனர்.

“அது நான் போட்டது,” என்றான் நவநீதன். “நீ தொடவே இல்ல. அது கணக்குல வராது.”

மோகனா நவீத்தைப் பார்த்தாள். வாரந்தோறும் தோற்ற நவீத், பல ஞாயிறுகளின் கடனை ஒரே மூச்சில் தீர்க்கும் வாய்ப்பு வந்ததை உணர்ந்து, பிஸ்கட் துகளைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“என் கோல்ல பந்து விழுந்துச்சின்னான்னு சொன்ன தோஸ்த். யாரு போட்டாங்கன்னு சொல்லல. விழுந்துச்சி.”

வெற்றி கொண்டவள் ஆர்ப்பரிக்கவில்லை, கூடத்தைச் சுற்றவும் இல்லை. கணவன் கையிலிருந்த கண்ட்ரோலரை வாங்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பினாள், குமிழை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய தன் வேலைப் பையைத் துழாவி, மிச்சமிருந்த சிவப்பு அம்பு ஒன்றை உரித்து, சொல்யூஷன் வழிந்து காய்ந்த இடத்தைச் சுட்டும்படி ஒட்டி, அவன் மடியிலேயே வைத்தாள்.

“பாண்டிங் சூப்பர், பிரியவே பிரியாது,” என்றாள். “வழிஞ்சதுக்குத்தான் ரிஜெக்ட்.”

போன் டிவியோடு இணைந்தது. நீலமும் சிவப்பும் மறைந்து, உள்ளங்கை அகல எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்தன. மோகனா தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியைப் பிடித்தாள். மிக்சியின் மறைவு இல்லாத அந்தக் குரல் கூடத்தை நிறைத்து, மாடிப்படி இறங்கி, தெருவில் சைக்கிளில் போன ஒருவரைக் கால் ஊன்றி அண்ணாந்து பார்க்க வைத்தது. நவீத் பிஸ்கட்டைக் கடிக்க மறந்தான். பிற நாட்டுப் பாதங்களுக்கெல்லாம் அடி ஒட்டிய அண்ணல், அம்பு தைத்த ஆயுதத்தை மடியில் ஏந்தி, இத்தனை வருடம் தன் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒன்று இருந்ததா என்று முதன்முறையாக வெட்கப்பட்டு, வாழ்த்தவும் வாய் வராமல், வழக்காடவும் வழி தெரியாமல், விழுப்புண் பட்ட வேழம் போல் வீற்றிருந்த அவ்வேளையில், அடுப்படியிலிருந்து அடுத்த முழக்கம் எழுந்தது. மோகனா பாட்டை நிறுத்தாமல் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினாள்.

நவநீதன் எழுந்து போய் குக்கர் அடுப்பை அணைத்தான்.