வலது கால்

குழாய் கையோடு வந்துவிட்டது.

பிரிட்டோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது இருந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் அவன் சட்டைப் பையைக் குறிபார்த்துப் பீய்ச்சியது.

"லேசாத்தான் திருகினேன்க்கா..."

ரத்தினபாய் சமையலறை வாசலில் நின்றாள். ஓய்வுபெற்ற ஹெட் நர்ஸ். மரியாதையில்லாமல் பேசிய கேபிள்காரரை முதல் மாடியிலிருந்து மெயின் ரோடு வரை வாயாலேயே துரத்தியவள் என்று சேலையூர் முழுக்கப் பெயர். இன்று கண்களை மூடிக்கொண்டாள். பத்து வரை எண்ணுவது போல உதடு அசைந்தது.

"பரவாயில்லப்பா" என்றாள்.

பிரிட்டோவுக்குப் புல்லரித்தது. சேவை ஒரு மனுஷியை எப்படி மாற்றிவிட்டது!

விஷயம் இதுதான். ஈஸ்டருக்கு முந்தைய இந்த நாற்பது நாள் தவக்காலத்தில் ஒவ்வொருவரும் யாராவது ஒருவருக்குச் சேவை செய்து, அதை அட்டையில் எழுதிக் கோயில் பெட்டியில் போட வேண்டும் என்று சாம்பல் புதனன்றே ஃபாதர் சொல்லியிருந்தார். அதிலிருந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்தது போல, அவர்கள் பாதங்களைக் கழுவுவார். பதினோரு வருஷமாக அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளையும் தூணோரம் நின்று பார்த்தவன் பிரிட்டோ. இந்த முறை விடுவதாயில்லை. தனியாக இருக்கும் எதிர்வீட்டு அக்காவைச் சேவைக்குத் தேர்ந்தெடுத்து, தினமும் போய் நின்றான். அவள் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

"நம்ம வீட்டுக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது. அது சேவைல சேராதா?" என்று மனைவி ஜெயப்ரியா கேட்டாள்.

"அது கடமைடி. கடமைக்கு அட்டை கிடையாது."

இன்று புதன். அட்டை போடக் கடைசி நாள். அக்காவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மொட்டை மாடிக்கு ஓடி வால்வை மூடினான். கீழே பீய்ச்சல் நிற்கவில்லை. இரண்டாவது மாடியில் குடியிருக்கும் ஸ்ம்ருதியின் குரல் மட்டும் கிளம்பியது.

"யாருங்க தண்ணிய நிறுத்தினது? தலையெல்லாம் ஷாம்பு!"

பதறிப்போய் கைக்குக் கிடைத்த எல்லா வால்வையும் முழுசாகத் திறந்தான். ஸ்ம்ருதி அமைதியானாள். அக்காவின் சமையலறையில் மட்டும் தண்ணீர் இப்போது கூரையைத் தொட்டது.

நாற்காலியில் மடித்து வைத்திருந்த துணியை எடுத்து ஓட்டையில் திணித்தான். நின்றது! வெற்றியோடு திரும்பினான்.

"அது நாளைக்குக் கோயிலுக்குக் கட்ட எடுத்து வெச்ச சேலைப்பா."

வெள்ளைச் சேலை, நீலக் கரை. இப்போது நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் பாசிக் கறை.

"கவலையேபடாதீங்கக்கா. பிளீச்சிங் பவுடர் இருக்கா?"

இருந்தது. அதுதான் தப்பாய்ப் போயிற்று. அரைமணி நேரத்தில் கறை போய்விட்டது. நீலக் கரையும் கூடவே போய்விட்டது.

இதற்குள் ஜெயப்ரியா கூப்பிட்ட பிளம்பர் ஹனீஃபா வந்து, பத்தே நிமிஷத்தில் புதுக் குழாயை மாட்டினார்.

"வாஷர் மாத்த வேண்டிய வேலை. யாரு சார் இதுல கை வெச்சது?"

பிரிட்டோ ஜன்னல் வழியே தென்னை மரத்தை ரசித்தான்.

ரத்தினபாய் அந்த முழு வெள்ளைச் சேலையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு காலண்டர் பக்கம் போய் இன்றைய தேதியில் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். மாதம் முழுக்க அதே குறி.

"ஈஸ்டருக்கு நாள் எண்றீங்களாக்கா?"

"ஆமாம்பா. ஒவ்வொரு நாளா எண்றேன்."

அட்டையை நீட்டினான். படித்துக்கூடப் பார்க்காமல், ரயிலைப் பிடிக்கப் போகிறவள் போலக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலமே பிரிட்டோ மேற்குத் தாம்பரத்தில் ஒரு பார்லருக்குப் போய்ப் பாதத்தைச் சுத்தம் செய்துகொண்டான். ஃபாதர் வலது காலைத்தான் கழுவுவார். ஆகவே வலது கால் மட்டும்.

பெரிய வியாழன். கோயில் நிரம்பி வழிந்தது. ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பெயர்களை வாசித்தார். பதினோரு நாற்காலிகள் நிரம்பிவிட்டன. ஒன்றுதான் காலி. பிரிட்டோ குனிந்து வலது கால் ஷூவைக் கழற்றினான். சாக்ஸையும் உருவினான்.

"பன்னிரண்டாவதாக... திருமதி ரத்தினபாய்."

கரையில்லாத வெள்ளைச் சேலையில் அக்கா அவனைக் கடந்து போனாள். நாற்காலியில் அமர்ந்து, நிம்மதியாகப் பாதத்தை நீட்டினாள்.

பிரிட்டோ ஒற்றை ஷூவோடு தூணோரம் நின்றான். பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு, கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை சூசை.

"என்னங்க சூசை இது அநியாயம்!" என்று கிசுகிசுத்தான். "சேவை செஞ்சது நான். அவங்க நாற்பது நாளா கோயிலைத் தவிர எங்கேயும் போகலையே! யாருக்குச் சேவை செஞ்சாங்களாம்?"

சூசை அவனுடைய வெறும் காலை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உங்களுக்குத்தான் சார். 'எதிர்வீட்டு பிரிட்டோ நாற்பது நாளும் உதவிக்கு வந்தான், ஒரு நாளும் திட்டாம அனுப்பினேன்'னு அட்டைல எழுதியிருந்தாங்க. நீங்க எழுதினதையும் பக்கத்துல வெச்சுப் படிச்சுட்டு, ஃபாதர் முதல்ல எடுத்த பேரே அவங்களுதுதான்."