பூசையில் வந்த துரோகி

என் லம்ப்ராக்கி,

மண் உனக்குப் பாரமில்லாமல் இருக்கட்டும். கல்லறை விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டேன். இனி நடந்த அநியாயத்தைக் கேள்.

உன் நாற்பதாம் நாள் பூசைக்குக் கம்பங்களில் ஒட்ட நோட்டீஸ் அடிக்கச் சொன்னால், அச்சுக்காரன் ஸ்டெர்யோ லம்ப்ரோ என்ற உன் பெயரைப் பொடியாகப் போட்டு, 'எபியால்தி' என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர்க் கணவாயை லியோனிதா ராஜா மறித்து நின்றபோது பாரசீகனுக்கு மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்தவன் பெயர் உனக்கா? திருவிழா நாடகத்தில் அந்த வேஷத்துக்கு ஒருத்தனும் வராதபோது, 'நான் ஆடு மேய்க்கிற பாதைதானே' என்று நீ போனாய், அதற்குக் கூலி இது. கடைக்கே போய்க் கேட்டேன். "அக்கா, ஊர்ல நாலு லம்ப்ரோ இருக்கான். பட்டப்பேரு போட்டாத்தான் யாருன்னு தெரியும், சனம் வரும்" என்கிறான்.

வந்தது சனம். லியோனிதா சிலையைப் பார்க்க வந்த ஏதென்ஸ்காரர்கள் ஒரு பஸ் நிறைய கோயிலுக்குள் வந்துவிட்டார்கள். மாதுளை முத்துப் போட்டு நான் அவித்த பூசைக் கோதுமையைத் தின்றுகொண்டே தொப்பிக்காரி ஒருத்தி, "ஏம்மா, அந்தத் துரோகிக்கு இன்னுமா பூசை பண்றீங்க?" என்றாள். "போன மாசந்தானே செத்தாரு" என்றேன். பயந்து தட்டை வைத்துவிட்டாள்.

அதுகூடப் போகட்டும். நம் சாமியாரும் நோட்டீஸைப் பார்த்தே படித்து, 'இறைவனின் அடியான் எபியால்தியின் பாவங்களை மன்னியும்' என்று பாடிவிட்டார். நான் நடுவிலேயே எழுந்து, "லம்ப்ரோன்னு சொல்லுங்க சாமி" என்றேன். "ஆண்டவருக்குத் தெரியும், உக்காரும்மா வசீலோ." "அவருக்கே தெரியும்னா நீங்க எதுக்குப் படிக்கிறீங்க?" உனக்கு வர வேண்டிய மன்னிப்பையெல்லாம் அந்தப் பயல் வாங்கிக்கொண்டிருப்பான். முதலிலிருந்து மறுபடி பாடவைத்துத்தான் விட்டேன்.

இத்தனைக்கும் பிறகு ஸ்டெர்யோ வந்து நாடகத்துக்கு உன் ஆட்டுத்தோல் அங்கியைக் கேட்கிறான். இனி இந்த வீட்டிலிருந்து துரோகியும் கிடையாது, தோலும் கிடையாது என்று கதவைச் சாத்தினேன்.

மாதா உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆடுகள் சுகம்.

உன் வசீலோ

பி.கு. அங்கியை வேறு எவன் தோளிலோ பார்க்க மனம் வரவில்லை. நானே போட்டுக்கொண்டேன். நேற்று மலைப்பாதையில் ஒத்திகை. பாரசீக ராஜா வேஷத்தில் ஸ்டெர்யோ மூச்சு வாங்கிப் பின்னால் வந்தான். "மேல் வளைவுல நின்னு மாமா ஒவ்வொரு வருஷமும் கையாட்டுவாரு அக்கா, நீயும் ஆட்டணும்" என்றான். நின்று பார்த்தேன். அங்கிருந்து கூட்டம் தெரியவில்லை. நம் வீட்டு முற்றம் மட்டும்தான் தெரிந்தது. நான் ஒரு வருஷமும் நிமிர்ந்து பார்த்ததில்லையே, யாருக்கு லம்ப்ராக்கி கையாட்டினாய்?